ஸ்காட்லாந்து: ஒருமுறை ‘வேண்டாம்’ என்றால் எப்போதும் வேண்டாமா?

வரும் செப்டம்பரில் கிளாஸ்கோவுக்கு முதுகலை படிக்க வருவதாகச் சொல்லி மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனிலிருந்து பிரிந்து தனிநாடாவதா என்று 2014-லேயே ஓட்டுப் போட்டு ‘வேண்டாம்’ என்று முடிவான விஷயத்தை ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏன் இன்னும் விடாமல் இழுக்கிறார்கள், பிரிந்தால் அந்த நாடு பிழைக்குமா, இங்கே வந்ததும் இதைப் பற்றி யாரிடமாவது பேசலாமா இல்லை பேசாமல் இருப்பதே நல்லதா. இரண்டாவதுதான் பெரிய கேள்வி போலத் தெரியும். எனக்கு முதல் கேள்விதான் பெரிது. ஒரு மக்கள் ஒருமுறை சொன்ன பதில் எத்தனை காலத்துக்குச் செல்லும், மறுபடி கேட்கலாம் என்று முடிவுசெய்கிற உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். ஸ்காட்லாந்து விவகாரத்தின் முடிச்சே அதுதான்.

நான் சென்னையில் சட்டம் படித்து, பிறகு எடின்பரோவில் அரசமைப்புச் சட்டம் படித்து, கிளாஸ்கோவிலேயே தங்கி, பல வருடங்களாக அதையே பாடமாக நடத்துகிறேன். 2014-ல் நானும் ஓட்டுப் போட்டேன். சட்டத்தையும் வரலாற்றையும் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். பொருளாதாரம் என் துறை இல்லை, அதில் எது கணக்கு எது கணிப்பு என்று பிரித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் உறுதியானவை. ஸ்காட்லாந்தை இங்கிலாந்து படையெடுத்துப் பிடித்து வைத்திருக்கிறது என்று நம்மூரில் பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. 1603-ல் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் வாரிசு இல்லாமல் இறந்தபோது, ஸ்காட்லாந்தின் அரசர் ஆறாம் ஜேம்ஸ்தான் தெற்கே போய் இங்கிலாந்துக்கும் அரசரானார். அதற்கப்புறம் நூறு வருடத்துக்கும் மேலாக அரசர் ஒருவர், நாடுகள் இரண்டு, நாடாளுமன்றங்கள் இரண்டு. 1707 மே 1-ல்தான் இரண்டு நாடாளுமன்றங்களும் ஒன்றாயின. அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால் பணமும் இருந்தது. 1690-களின் கடைசியில் பனாமா அருகே டேரியனில் குடியேற்றம் அமைக்கப் போய், நாட்டில் இருந்த முதலீட்டில் பெரும்பகுதியை ஸ்காட்லாந்து இழந்திருந்தது. ஒப்பந்தத்தின்படி சுமார் 4 லட்சம் பவுண்டு வடக்கே வந்தது, அதில் பெரும்பங்கு அந்த முதலீட்டாளர்களுக்குப் போனது. தெருவில் மக்கள் கலவரம் செய்தார்கள், நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். ஆனாலும் ஸ்காட்லாந்து சில விஷயங்களைக் கையை விட்டுப் போக விடவில்லை: தனக்கென்று சட்டமுறை, நீதிமன்றங்கள், திருச்சபை, பல்கலைக்கழகங்கள். முந்நூறு வருடம் கழித்தும் ஸ்காட்லாந்து ஒரு மாகாணமாகக் கரைந்துபோகாமல் ஒரு நாடாகவே தன்னை நினைத்துக்கொள்வதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான் என்பது என் கருத்து.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கிளாஸ்கோவில் எந்தத் தெருவிலாவது ஒரு சிவப்புத் தபால் பெட்டி முன்னால் போய் நில்லுங்கள். லண்டனில் இருக்கிற பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டாம் எலிசபெத்தின் பெயரெழுத்தும் II என்ற எண்ணும் வார்த்திருக்கும். இங்கே அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஸ்காட்லாந்தின் கிரீடம் மட்டும் இருக்கும், எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தை ஆண்டதே இல்லை, அப்புறம் இவர் எப்படி எங்களுக்கு ‘இரண்டாம்’ எலிசபெத் ஆவார் என்று கேட்டார்கள். 1952 கடைசியில் எடின்பரோவின் இஞ்ச் என்ற குடியிருப்பில் அந்த எண்ணோடு ஒரு பெட்டி வைத்தபோது அதைத் தாக்கிக்கொண்டே இருந்து, 1953 பிப்ரவரியில் வெடிவைத்தே தகர்த்துவிட்டார்கள். அதே வருடம் இதே எண்ணைப் பற்றி ஒரு வழக்கும் நடந்தது. வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். ஆனால் தலைமை நீதிபதி கூப்பர் பிரபு தீர்ப்பினூடே ஒன்றைச் சொல்லிவைத்தார்: நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்பது இங்கிலாந்துக்கே உரிய கோட்பாடு, ஸ்காட்லாந்தின் அரசமைப்புச் சட்டத்தில் அதற்கு இணையாக எதுவும் இல்லை என்று. வழக்கின் முடிவுக்கு அந்த வரி தேவையே இல்லை. இருந்தும் வருடா வருடம் முதல் வகுப்பில் அதைத்தான் நான் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன், ஏனென்றால் இறையாண்மை மக்களிடமா, லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கிற பிரிட்டன் நாடாளுமன்றத்திடமா என்ற சண்டை இன்றைக்கும் அந்த வரியிலிருந்துதான் கிளம்புகிறது.

ஒருமுறை ‘வேண்டாம்’ என்றால் முடிந்தது என்ற வாதத்துக்கு எதிராக இந்த நாட்டின் சொந்த அனுபவமே ஒன்று உண்டு. 1979-ல் ஸ்காட்லாந்துக்கு ஒரு சட்டமன்றம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் 51.6 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். ஆனால் பட்டியலில் இருக்கிற மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினர் ஆதரித்தாக வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள், கிடைத்தது 33 விழுக்காடு அளவுக்குத்தான். ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்தவர்களும் கூட ‘வேண்டாம்’ கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். 18 வருடம் கழித்து, 1997-ல், அதே கேள்வியை மறுபடி கேட்டபோது 74.3 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள், 1999-ல் எடின்பரோவில் ஸ்காட்லாந்தின் சொந்த நாடாளுமன்றம் வந்தது, அதைத்தான் ஹோலிரூட் என்கிறார்கள். 1979-லேயே முடிந்துவிட்டதே என்று அன்றைக்கு யாரும் அதைத் தடுக்கவில்லை.

சரி, 2014. 2011 தேர்தலில் தனிநாடு கேட்கிற ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி ஹோலிரூட்டின் 129 இடங்களில் 69-ஐப் பிடித்தது. அது விகிதாசாரம் கலந்த தேர்தல் முறை, ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை வருவது அரிது, அதுவும் நடந்தது. பிரதமர் டேவிட் கேமரனும் அந்தக் கட்சியின் தலைவரும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சருமான அலெக்ஸ் சால்மண்டும் 2012 அக்டோபரில் எடின்பரோவில் ஒப்பந்தம் போட்டார்கள், வெஸ்ட்மின்ஸ்டர் இந்த ஒரு வாக்கெடுப்புக்கு மட்டும் அதிகாரத்தை ஹோலிரூட்டுக்குத் தற்காலிகமாகக் கொடுத்தது. கேள்வியின் வாசகத்தைக்கூடத் தேர்தல் ஆணையம் மக்களிடம் சோதித்துப் பார்த்தது. ‘ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா’ என்றுதான் முதலில் இருந்தது. ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்ற சொல் ‘ஆம்’ பக்கம் தள்ளுகிறது என்று அதை எடுத்துவிட்டு, ‘ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா’ என்று மாற்றினார்கள். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த வாக்கெடுப்பு அது. உலகத்தில் பிரிவு பற்றிய எத்தனையோ சச்சரவுகளைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பக்கமும் விதிகளை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு, தோற்றால் ஏற்போம் என்று கையெழுத்துப் போட்டு நடத்தியது மிகப் பெரிய விஷயம்.

செப்டம்பர் 18 காலையில் எங்கள் பேட்டையின் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோனேன். வாசலில் இரண்டு பக்கத்துத் தொண்டர்களும் ஒரே ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் பள்ளிச் சீருடையோடு இரண்டு பிள்ளைகள், 16 வயதிலிருந்தே ஓட்டு என்று அந்த வாக்கெடுப்புக்காகத்தான் முதன்முதலில் கொண்டுவந்திருந்தார்கள். எனக்குப் பின்னால் எங்கள் மாடியில் எதிர்வீட்டில் இருக்கிற போலந்துக்காரப் பெண். நான் அப்போது இந்தியக் குடிமகன், காமன்வெல்த் நாட்டவன் என்பதால் எனக்கு ஓட்டு உண்டு. அவர் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகள் என்பதால் அவருக்கும் உண்டு. ஸ்காட்லாந்திலேயே பிறந்து வளர்ந்து லண்டனில் வேலை பார்ப்பவருக்குக் கிடையாது. இங்கே யார் வாழ்கிறார்களோ அவர்கள்தான் முடிவு செய்வார்கள், இரத்தமோ பிறப்போ கணக்கில்லை என்பது அதன் பொருள். அந்த வரிசையில் நின்றபோது எனக்கு இருந்த மரியாதை உணர்வை இன்னும் மறக்கவில்லை.

84.6 விழுக்காடு வாக்குப்பதிவு. ‘வேண்டாம்’ 55.3, ‘வேண்டும்’ 44.7. மொத்தம் 32 உள்ளாட்சிப் பகுதிகளில் கிளாஸ்கோ, டண்டீ, மேற்கு டன்பார்ட்டன்ஷயர், வடக்கு லானர்க்ஷயர் ஆகிய நான்கில் மட்டும் ‘வேண்டும்’ முந்தியது. நான் ‘வேண்டாம்’ என்று போட்டேன், காரணம் நாணயம். பவுண்டையே இருவரும் பகிர்ந்துகொள்வோம் என்று சால்மண்ட் சொல்லிக்கொண்டிருந்தார். 2014 பிப்ரவரியில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கே வந்து அதற்கு வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார், மற்ற இரண்டு பெரிய கட்சிகளும் அதையே சொன்னன. அப்படியானால் உங்கள் மாற்றுத் திட்டம் என்ன என்ற கேள்விக்கு வாக்கெடுப்பு நாள் வரை தெளிவான பதில் வரவில்லை. என் சம்பளமும் வீட்டுக் கடனும் எந்தப் பணத்தில் இருக்கும் என்று தெரியாமல் என்னால் ‘வேண்டும்’ என்று போட முடியவில்லை.

பிரசாரத்தில் என்னைப் போன்றவர்களை அசைத்த இன்னொன்றும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வேண்டுமானால் பிரிட்டனோடு இருப்பதுதான் பாதுகாப்பு, தனியாகப் போனால் வெளியே நின்று வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். 2016 ஜூன் 23-ல் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பிரிட்டன் முழுவதுமாக 51.9 விழுக்காடு வெளியேறச் சொன்னது. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் நீடிக்கச் சொன்னார்கள், 32 பகுதியில் ஒன்றுகூட வெளியேறச் சொல்லவில்லை. அன்றைக்கும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன். எதிர்வீட்டுப் பெண் வரவில்லை, இந்த வாக்கெடுப்பில் அவருக்கு ஓட்டுக் கிடையாது. போலந்துக்காரருக்கு இல்லாத ஓட்டு காமன்வெல்த் நாட்டவன் என்பதால் எனக்கு இருந்தது. யாருடைய வாழ்க்கை அதனால் தலைகீழாக மாறப்போகிறதோ அவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் போய்ப் பென்சிலால் குறி போட்டுவிட்டு வந்தேன். 2014-ல் ‘வேண்டாம்’ என்று போட்ட பலருக்கு, எந்த வீட்டில் இருக்கச் சம்மதித்தோமோ அந்த வீடு இது இல்லையே என்று தோன்றியது அதற்கப்புறம்தான். உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில் வேண்டுமென்றால், இதுதான்.

அப்படியானால் மறுபடி ஓட்டு வைக்க வேண்டியதுதானே? 2017-ல் பிரதமர் தெரசா மே ‘இது நேரமல்ல’ என்றார், 2020-ல் பிரதமர் போரிஸ் ஜான்சன் மறுத்துக் கடிதம் எழுதினார். 2021 தேர்தலில் தேசியக் கட்சிக்கு 64, பசுமைக் கட்சிக்கு 8 என்று தனிநாட்டை ஆதரிப்பவர்களுக்கு ஹோலிரூட்டில் பெரும்பான்மை வந்தது. 2023 அக்டோபர் 19-ல் வாக்கெடுப்பு வைக்கிறேன் என்று அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நாள் குறித்தார், வெஸ்ட்மின்ஸ்டர் சம்மதம் இல்லாமல் அதற்குச் சட்டம் போடலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2022 நவம்பர் 23-ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள், முடியாது என்று. 1998-ஆம் வருடத்து ஸ்காட்லாந்துச் சட்டம், ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் சேர்ந்த ஒன்றியம் பற்றிய விஷயங்களை வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது, வெறும் கருத்துக் கேட்பு வாக்கெடுப்பானாலும் அதன் அரசியல் விளைவு சின்னதில்லை, ஆகவே அது ஒதுக்கப்பட்ட விஷயத்தைத் தொடுகிறது. சட்டத்தின் வாசகத்தை வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு சரியானது என்பதுதான் என் கருத்து, தனிநாடு கேட்கிற என் நண்பர்களிடமும் அதையே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு ஓட்டையை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்தது. இந்த ஒன்றியம் விருப்பத்தின் பேரில் சேர்ந்தது, யாரையும் கட்டி வைக்கவில்லை என்று வெஸ்ட்மின்ஸ்டரில் எல்லாக் கட்சித் தலைவர்களும் சொல்லியிருக்கிறார்கள். சரி, வெளியே போக விரும்பினால் வாசல் எங்கே? வடக்கு அயர்லாந்துக்கு அது எழுதியே இருக்கிறது: 1998-ன் சட்டப்படி, பெரும்பான்மையோர் ஒன்றுபட்ட அயர்லாந்தை ஆதரிக்க வாய்ப்பு இருப்பதாகத் தெரிந்தால் அமைச்சர் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும், ஒன்று முடிந்தால் ஏழு வருடத்துக்கு அடுத்தது கிடையாது. வாய்ப்பு இருக்கிறதா என்று தீர்மானிப்பவர் அமைச்சர்தான், அந்தக் குறை அதிலும் உண்டு. ஸ்காட்லாந்துக்கோ அந்த அளவுக்குக்கூட ஒரு வரி கிடையாது. எத்தனை தேர்தலில் வென்றாலும், எத்தனை வருடம் கழிந்தாலும், அன்றைய பிரதமருக்கு மனம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2014-ல் ‘ஒரு தலைமுறைக்கு ஒருமுறை’ என்று சால்மண்டே சொன்னாரே என்று கேட்பார்கள், சொன்னார்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது பிரசாரப் பேச்சு, எந்த ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் இல்லை. ஒன்றியம் நீடிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் முதலில் இந்த வாசலை எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கதவு இருக்கிறது என்று தெரிந்த வீட்டில்தான் மனிதர் நிம்மதியாக இருப்பார்.

இனி பிழைக்குமா என்பது. இங்கே உறுதியானதும் சந்தேகமானதும் கலந்து கிடக்கின்றன. 55 லட்சம் மக்கள் உள்ள நாடு தனியாக இயங்க முடியும், டென்மார்க்கும் அயர்லாந்தும் கண்முன்னால் இருக்கின்றன, அதில் சந்தேகமே வேண்டாம். அங்கே போய்ச் சேருகிற வழியில்தான் சிக்கல். ஸ்காட்லாந்து அரசே வெளியிடுகிற கணக்கின்படி 2023-24-ல் வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பற்றாக்குறை அதன் மொத்த உற்பத்தியில் 10.4 விழுக்காடு, பிரிட்டன் முழுவதற்கும் 4.5. எதிர்ப்பவர்கள் இதைக் காட்டித் தனிநாடு திவால் என்பார்கள், ஆதரிப்பவர்கள் இது ஒன்றியத்துக்குள் இருப்பதன் விளைவு என்பார்கள். கணக்கு இன்றைய நிலைமையை உள்ளபடி காட்டுகிறது, தனிநாட்டின் வரவு செலவு எப்படி இருக்கும் என்பதைக் காட்டாது. இருந்தாலும் புறப்படுகிற இடம் இதுதான், முதல் பத்து வருடம் வரியை ஏற்றவோ செலவைக் குறைக்கவோ வேண்டியிருக்கும். வட கடல் எண்ணெயை நம்பிக் கணக்குப் போட்டவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு: வாக்கெடுப்பு வருடத்தின் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது, 2016 தொடக்கத்தில் 30-க்கும் கீழே போனது.

நாணயக் கேள்வி இப்போது சற்று நேர்மையாகப் பேசப்படுகிறது. முதலில் பவுண்டையே பயன்படுத்திவிட்டுப் பிறகு சொந்த நாணயம் என்பது இன்றைய திட்டம். எப்போது என்பதற்கு நாள் இல்லை, அந்த இடைவெளியில் சந்தை எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. செக்கும் ஸ்லோவாக்கியாவும் 1993 ஜனவரியில் சண்டையில்லாமல் பிரிந்தபோது ஒரே நாணயத்தைக் கொஞ்ச காலம் வைத்துக்கொள்வோம் என்றுதான் இருந்தார்கள், ஆறு வாரத்தைத் தாண்டவில்லை. நீங்கள் இங்கே வந்ததும் கடையில் மீதியாக வாங்குகிற நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ராயல் பேங்க், கிளைட்ஸ்டேல் என்று மூன்று வங்கிகளின் பெயரில் சொந்த நோட்டுகள் புழங்குகின்றன. சொந்த நாணயம் ஏற்கெனவே இருப்பது போலத் தோன்றும். ஆனால் அதற்கு ஈடாக பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் சமமான தொகை இருந்தாக வேண்டும், அதற்காகவே ஒரு நோட்டு பத்துக் கோடி பவுண்டு மதிப்பில் அச்சிட்டுப் பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து பாடுபட வேண்டியது அந்த ஈட்டைத் தானே ஏற்படுத்திக்கொள்வதற்குத்தான்.

எல்லை விஷயம் 2014-ஐ விட இப்போது கடினமாகிவிட்டது. இது நான் சொல்வதற்கே வருத்தமான முரண்: பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியது, தனிநாட்டுக்கான காரணத்தைப் பெரிதாக்கியது, அதன் விலையையும் ஏற்றிவிட்டது. ஸ்காட்லாந்தின் ஏற்றுமதியில் சுமார் அறுபது விழுக்காடு பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்குத்தான் போகிறது. ஸ்காட்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால், இங்கிலாந்து எல்லையோர ஊரான கிரெட்னா அருகே இன்றைக்கு நிற்காமல் ஓடுகிற லாரிகள் சுங்கத்துக்கு நிற்க வேண்டி வரும். சேர முடியுமா என்றால், சட்டப்படி பிரிட்டனின் சம்மதத்தோடு பிரிந்தால் முடியும் என்றே நினைக்கிறேன், ஆனால் எத்தனை வருடம், என்ன நிபந்தனை என்பது பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான். ஸ்காட்லாந்தில் ஃபாஸ்லேன் கடற்படைத் தளத்தில் நிற்கிற அணு நீர்மூழ்கிகளும் அந்த மேசைக்கு வரும், அவற்றை வேறெங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பது லண்டனுக்குப் பெரிய தலைவலி.

2024 வரை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2015-ல் வெஸ்ட்மின்ஸ்டருக்கான 59 இடங்களில் 56-ஐ வென்ற தேசியக் கட்சி 2024 ஜூலையில் 57-ல் 9-க்கு இறங்கியது. ஸ்டர்ஜன் விலகி, ஹம்சா யூசுஃப் வந்து விலகி, ஜான் ஸ்வின்னி வந்தார், மருத்துவமனைக் காத்திருப்பும் தீவுகளுக்குப் போவதற்கென்று கட்டி முடியாமல் தாமதமான கப்பல்களும் மக்களைச் சலிப்படைய வைத்திருந்தன. கதை முடிந்தது என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. ஆனால் அதே சமயத்துக் கருத்துக்கணிப்புகளில் தனிநாட்டுக்கான ஆதரவு அதன் வழக்கமான இடத்திலேயே, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவே, நின்றது. கட்சி மேல் கோபம் வேறு, நாடு பற்றிய எண்ணம் வேறு. இளையவர்களிடம் ஆதரவு கூடுதல், ஓய்வூதியக்காரர்களிடம் குறைவு. ஆகவே காலம் தானாகவே முடிவு செய்துவிடும் என்று சிலர் சொல்வதை நான் அப்படியே ஏற்கவில்லை, வீடு வாங்கி ஓய்வூதியக் கணக்கு பார்க்க ஆரம்பித்ததும் மனிதர் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், நானே அதற்குச் சாட்சி.

கடைசியாக, பேசலாமா என்பது. தாராளமாகப் பேசுங்கள், ஆனால் கேட்கிறவராகப் பேசுங்கள். பிரிட்டன் முழுவதையும் ‘இங்கிலாந்து’ என்று சொல்கிற நம்முடைய பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள், இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் அது வலிக்கும். ‘பிரிவினை’ என்ற சொல் எதிர்ப்பவர்களுடையது, ‘சுதந்திரம்’ ஆதரிப்பவர்களுடையது, எதைச் சொன்னாலும் நீங்கள் எந்தப் பக்கம் என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். அப்புறம் ஒன்று, இதைப் பலரும் வருகிற மாணவர்களிடம் சொல்வதில்லை: இந்தியக் குடிமகனாக மாணவர் விசாவில் இங்கே குடியிருந்தாலும் உங்களுக்கு ஹோலிரூட் தேர்தலிலும் உள்ளாட்சித் தேர்தலிலும், ஏன், வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலிலும்கூட ஓட்டு உண்டு. வீட்டு முகவரி கிடைத்ததும் முதல் வாரத்திலேயே வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள், இணையத்தில் ஐந்து நிமிட வேலைதான்.